யாருது கிட்ட

நாப்பது அடி நீளம், பத்தடி அகலம். டேப்பை உள்ள வைங்க தம்பி, அளக்க வேண்டாம், எனக்கே தெரியும். செருப்போட நடக்கலாம், ஒண்ணும் ஆகாது. இரும்புக் குண்டையே தாங்குற தரை. குதிகாலால நோண்டாம இருந்தா போதும்.

கடலூர்ல உங்க வீட்டுப் பின்னாடி இதே மாதிரி பெத்தாங்க் குண்டு ஆடற தளம் ஒண்ணு போடணும்னு கலியபெருமாள்கிட்ட கேட்டீங்களாம், அவன் என்னைப் போய்ப் பாருன்னு சொன்னானாம். அவன் ஆட்டோ ஓட்டறவன், வாய் சும்மா இருக்காது. இதைப் போட்டது நான் இல்ல. எங்கூட்டுக்காரரு. அமலோர்னு கூப்பிடுவாங்க, முழுப் பேரு அமலோற்பவநாதன். மில்லுல ஃபிட்டரா இருந்தவரு. போன ஆகஸ்டுல தவறிட்டாரு. இப்ப பாத்துக்கறது நான். அதனால எப்படிப் போட்டாருன்னு சொல்லத் தெரியும். ஒக்காருங்க, அந்த ஸ்டூலை இழுத்துக்குங்க.

மொதல்ல மண்ணை ஒரு முழத்துக்கு வெட்டி எடுத்தாரு. இங்க களிமண்ணு, தண்ணி குடிச்சா விடாது. அதை அப்படியே வச்சு மேல எதைக் கொட்டினாலும் ஒரே மழையில சேறாயிடும். வெட்டின பள்ளத்துல உடைஞ்ச செங்கலைப் போட்டு, திமிசுக் கட்டையால குத்திக் குத்தி இறுக்குனாரு. அதுக்கு மேல முக்கால் ஜல்லி. அதுக்கு மேல கிராவல் மண்ணு. எல்லாத்துக்கும் மேல ரெண்டு விரக்கடை உசரத்துக்குக் கல்லுடைக்கிற எடத்துல கெடைக்கிற தூளு. ஒவ்வொரு தட்டுக்கும் தண்ணி தெளிச்சு, உருட்டி, காய விட்டு, திரும்ப உருட்டணும். அந்தா சுவரோரம் நிக்குதே உருளை, அது எண்ணெய் டிரம்முதான். உள்ள கான்கிரீட் ஊத்தி நடுவுல பைப்பைச் செருகி அவரே செஞ்சது. சுத்தி இருக்கிறது சவுக்குக் கட்டை. கண்ணுக்கு மட்டமாத் தெரியும், ஆனா இல்ல. கெழக்கால ரெண்டு விரக்கடை சரிவு. தண்ணி நிக்கக் கூடாது, நின்னா போச்சு.

ரெண்டரை மாசம் ஆச்சு. தனி ஆளா. அறுபத்தோரு வயசுல.

இவ்வளவும் எழுதிக்கிட்டீங்கன்னா போதும், நீங்க போட்டுடலாம். ஆனா இதை எங்க போட்டாருன்னும் நான் சொல்லணும். சொல்லாம இருக்க முடியாது.

நீங்க ஒக்காந்திருக்கீங்களே, அதுக்கு நேரா நாலடி தள்ளி எங்க துவைக்கிற கல்லு இருந்துச்சு. எங்க பொண்ணு பேரு ஜெனோவா. ஒரே பொண்ணு. ஸ்கூல்ல கணக்கு டீச்சரா இருந்தா. இருபத்தேழு வயசு. ஒரு நவம்பர்ல காய்ச்சல்னு படுத்தா. சாதாரண காய்ச்சல்னுதான் நினைச்சோம், டெங்குன்னாங்க. அஞ்சு நாள். ஆறாம் நாள் எடுத்துக்கிட்டுப் போய் வச்சுட்டு வந்தாச்சு. படுக்கறதுக்கு மொத நாள் அந்தக் கல்லுல உக்காந்து அவளோட புடவை ரெண்டைத் துவைச்சுப் போட்டா. கடைசியா அவ செஞ்ச வேலை அது.

அதுக்கப்பறம் நான் அந்தக் கல்லுல போய் உக்காந்துக்குவேன். காலையில உக்காந்தா வெயில் ஏறி எறங்குற வரைக்கும். சாப்பாடு கொண்டாந்து பக்கத்துல வைப்பாரு, காக்கா தின்னுட்டுப் போவும். நான் தையல்காரி தம்பி. மடத்துல சிஸ்டருங்ககிட்ட கத்துக்கிட்டது, நெல்லித்தோப்புல பாதிப் பொம்பளைங்களுக்கு ஜாக்கெட்டு நான்தான் தைப்பேன். மிஷினுக்கு உறை போட்டு மூடிட்டேன். தையல் பொட்டியைக் கட்டிலுக்கு அடியில தள்ளிட்டேன். வாசப்பக்கம் போகல. கோயிலுக்குப் போகல. யாராவது வந்து, ஆண்டவர் எடுத்துக்கிட்டாருன்னு சொன்னா, எந்திரிச்சுப் போங்கன்னு சொல்லிட்டேன். வரவங்களும் நின்னுட்டாங்க.

பொங்கல் கழிஞ்சு ஒரு திங்கக்கெழமை. நான் அந்தக் கல்லுல உக்காந்திருக்கேன். மண்வெட்டி, கடப்பாறையோட வந்து நிக்கிறாரு.

"மதலேன், கொஞ்சம் எந்திரி."

"எதுக்கு?"

"இந்த எடத்துல பெத்தாங்க் தளம் போடப் போறேன். கல்லை எடுக்கணும்."

எனக்குக் காதுல விழுந்தது நெசமான்னே தெரியல. பொண்ணு போயி ரெண்டரை மாசம் ஆகல. மனுசன் விளையாட எடம் பாக்குறாரு. அத்தனை வருசமா கடற்கரைப் பக்கம் மைதானத்துல ஆடிக்கிட்டிருந்தவரு. பிரெஞ்சுப் பட்டாளத்துல சிப்பாயா இருந்து வந்த சொல்தா ராஃபேல்தான் இவருக்குக் கத்துக் குடுத்தவரு, ரெண்டு பேரும் அங்க ஆடாத ஞாயித்துக்கெழமை கெடையாது. அந்த மைதானம் அங்கேயேதான் இருக்கு. அதை விட்டுட்டு என் பொண்ணு உக்காந்த கல்லைப் பேக்கணுமா?

நான் எந்திரிக்கல. அவரு அப்படியே கீழ உக்காந்துக்கிட்டாரு. ரொம்ப நேரம் கழிச்சு, "வெயில் ஏறிடுச்சு, உள்ள போ" அப்படின்னாரு. மறுநாளும் வந்தாரு. அதுக்கு மறுநாளும். நாலாம் நாள் நான் கக்கூஸ் போயிட்டு வரதுக்குள்ள கல்லைப் பேத்து மதிலோரமா சாத்தி வச்சிருந்தாரு.

அன்னைக்கு ஒரு முடிவு பண்ணேன். இந்த மனுசன்கிட்ட இனிமே பேச்சில்லன்னு. பேச்சில்லன்னா, கேட்டா பதில் சொல்லுவேன், அவ்வளவுதான். சாவுற வரைக்கும் அப்படித்தான் இருந்தேன். ரெண்டரை வருசம். இதை நான் யாருகிட்டயும் சொன்னதில்ல, உங்ககிட்டதான் சொல்றேன்.

ஈஸ்டர் முடிஞ்ச திங்கக்கெழமை ஆட்டம் ஆரம்பிச்சாங்க. ராஃபேல், கலியபெருமாள், இன்னும் நாலஞ்சு பேரு. நீங்க ஆடறவரு, தப்பா எடுத்துக்காதீங்க, எனக்கு இது ஒரு ஆட்டமாவே தெரியாது. நரைச்ச ஆம்பளைங்க ஒரு வட்டம் போட்டுக்கிட்டு அதுக்குள்ள காலைச் சேத்து வச்சு நிக்கிறது. ஒரு சின்ன மரக்குண்டை வீசுறது. அதுக்குப் பிரெஞ்சுல பன்னிக்குட்டின்னு பேராம், இவங்க குட்டிம்பாங்க. அப்பறம் ஆளாளுக்கு இரும்புக் குண்டை வீசி, யாருது குட்டிக்குக் கிட்ட நிக்குதுன்னு பாக்குறது. சாயங்காலம் பூரா இதே.

நான் ரூமுல படுத்திருப்பேன். சன்னல் வழியா டொக்கு டொக்குன்னு சத்தம் கேட்டுக்கிட்டே இருக்கும். மொத நாளே இவருக்கும் கலியபெருமாளுக்கும் சண்டை வந்துடுச்சு.

"என்னுதுதான் கிட்ட."

"கண்ணை நல்லாத் தொறந்து பாருண்ணே, என்னுது."

"அளந்து பாத்துடுவோம். மதலேன், அந்த இஞ்சு டேப்பை எடுத்துக்கிட்டு வா."

நான் போகல. திரும்பவும் கூப்பிட்டாரு. சன்னல்கிட்ட வந்து, "டேப்பு தையல் பொட்டியிலதானே இருக்கு, நான் தொட்டா நீ திட்டுவே" அப்படின்னாரு. அது வாஸ்தவம், என் பொட்டியை யாரும் தொட்டா எனக்குப் பிடிக்காது. தொல்லை தீரட்டும்னு கட்டிலுக்கு அடியில இருந்து பொட்டியை இழுத்துத் தொறந்தேன். மேலயே ஜெனோவாவுக்கு வெட்டி வச்ச ஜாக்கெட்டுத் துணி கெடந்துச்சு. அதை எடுத்து ஒரு பக்கமா வச்சுட்டு டேப்பை எடுத்துக்கிட்டுப் போய் நீட்டினேன்.

வாங்கிக்க மாட்டேங்குறாரு. "நீயே அள. நாங்க அளந்தா இன்னொருத்தன் ஒத்துக்க மாட்டான். தையக்காரி அளந்தா யாரும் மறுபேச்சுப் பேச முடியாது."

குனிஞ்சு அளந்தேன். கலியபெருமாளுது ஏழரை இஞ்சு, இவருது ஏழே கால். சொல்லிட்டு உள்ள வந்துட்டேன். பத்து நிமிசம் ஆகல, திரும்ப "மதலேன்."

இப்படியே ரெண்டரை வருசம் தம்பி. செவ்வாய், வியாழன், ஞாயிறு. ஒரு ஆட்டத்துக்கு மூணு தடவை, நாலு தடவை. இவரு கண்ணு போயிடுச்சுன்னு நெனச்சேன். ஒரு கை தள்ளிக் கெடக்கிற குண்டைப் பாத்து, கிட்டன்னு சாதிப்பாரு. கண்ணாடியை மாத்தவும் மாட்டாரு. ஒவ்வொரு தடவையும் உள்ள போய், திரும்ப வெளிய வந்து, எனக்கே அலுத்துப்போய்க் கடைசியில டேப்பைக் கழுத்துல மாட்டிக்கிட்டு அந்த அடுப்படி வாசப்படியிலயே உக்காந்துட்டேன். உக்காந்தா சும்மா இருக்க முடியுதா? டீ போடுன்னாங்க, போட்டேன். பஜ்ஜி போட்டா ராஃபேல் நாலு தின்னுவாரு. கழுத்துல டேப்பைப் பாத்துட்டுக் கலியபெருமாள் பொண்டாட்டி ஒரு ஜாக்கெட்டுத் துணி குடுத்தனுப்புனா. அவ தங்கச்சி ஒண்ணு. மிஷின் உறையை எடுத்தேன். அதெல்லாம் நானா எடுத்த வேலை, அதுல இவருக்குப் பங்கு ஒண்ணும் கெடையாது. இவரு பண்ணதெல்லாம் என்னைப் போட்டு வாட்டுனதுதான்.

பொண்ணுக்காக அவரு அழுது நான் பாக்கல. ஒரு நாள் பாக்கல. கல்லறைத் திருநாள் அன்னைக்கு மெழுகுவத்தியோட வந்து, "வர்றியா?"ன்னு கேட்டாரு. நான் சுவத்துப் பக்கம் திரும்பிப் படுத்துக்கிட்டேன். அடக்கத்துக்குப் போனதோட சரி, அந்தப் பக்கம் நான் போனதே இல்ல. அவ பேரை ஒரு கல்லுல எழுதி வச்சிருக்கறதை எப்படிப் பாக்கறது. அவரு மட்டும் போயிட்டு வந்தாரு. வந்து சாப்பிட்டாரு. மறுநாள் குண்டு ஆடுனாரு. சனிக்கெழமை காலையில ஆனா, ராஃபேல் வீட்டுக்குப் போறேன்னு ஒரு பையைத் தூக்கிக்கிட்டுக் கெளம்பிடுவாரு. அங்க என்ன நடக்கும்னு எனக்குத் தெரியாதா, ராஃபேல் வீட்டுல எப்பவும் பாட்டில் இருக்கும். கொடுத்து வச்ச மனுசன்னு நெனச்சுக்குவேன்.

போன ஆகஸ்டு, ஒரு வியாழக்கெழமை. சங்கரா மீன் ஆய்ஞ்சுக்கிட்டிருக்கேன். கையெல்லாம் செதிலு. "மதலேன், வந்து அளந்து சொல்லு" அப்படின்னு குரல் வருது. அன்னைக்கு அது நாலாவது தடவை. நான் உக்காந்த எடத்துலேருந்தே சொன்னேன்.

"கண்ணு தெரியலன்னா விட்டுடுங்க. செத்த நேரம் என்னை நிம்மதியா விடுங்க."

அவரு சிரிச்சாரு. சிரிச்சது எனக்குக் கேட்டுச்சு. "சரி, சரி" அப்படின்னாரு. அவரே குனிஞ்சு சாணால அளந்தாராம், கலியபெருமாளுதுதான் கிட்டன்னு விட்டுக் குடுத்தாராம். அப்பறம் அந்தச் சவுக்குக் கட்டை மேல உக்காந்துட்டாராம். ஆட்டம் முடிஞ்சு எல்லாரும் போனதும் உள்ள வந்து, தோள்பட்டை வலிக்குதுன்னாரு. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். சனிக்கெழமை காலையில போயிட்டாரு.

நடுவுல ஒரு தடவை கண்ணைத் தொறந்து என்னைப் பாத்தாரு. நான், "தண்ணி வேணுமா?"ன்னு கேட்டேன். அதைத் தவிர எனக்கு ஒண்ணும் கேக்கத் தோணல.

அடக்கத்துக்குப் போனேன். ரெண்டு பக்கமும் பொம்பளைங்க பிடிச்சுக்கிட்டாங்க, எந்த வழியாப் போனோம், எந்த வழியா வந்தோம்னு தெரியாது. அவருக்குப் பின்வரிசையில மதிலோரமா எடம் கெடச்சுது. பொண்ணு இருக்கிறது முன்னால, கேட்டுக்குப் பக்கத்துல. அவ பக்கத்துலயே இவரை வைக்க எடம் இல்லன்னுட்டாங்க.

அதுக்கப்பறம் யாரும் ஆட வரல. வெதவை இருக்கிற வீட்டுல போய்க் கூத்தடிக்கிறதான்னு நெனச்சிருப்பாங்க. மழை வந்துச்சு. தளத்து மேல கோரை மொளைச்சுது, பூனை வந்து தோண்டிச்சு. எனக்கு அந்தத் தளத்து மேல ஆத்திரம்தான். ஆனா வீட்டுப் பின்பக்கம் காடாக் கெடந்தா பாம்பு வரும் பாருங்க. அதுக்காகத்தான் எறங்குனேன். அவரு செஞ்சதை ரெண்டரை வருசமா வாசப்படியில உக்காந்து பாத்தவதானே. புல்லைப் பிடுங்குனேன். பள்ளத்துல தூளு போட்டு ஈரமாக்கிக் குத்துனேன். பல்லு வச்ச கம்பியால இழுத்து, டிரம்மை உருட்டுனேன். தெனமும் காலையில ஒரு மணி நேரம். பாருங்க, ஒரு பள்ளம் இருக்கா? அவரு இருந்தப்பகூட இவ்வளவு சுத்தம் கெடையாது.

ஈஸ்டருக்கு முந்தின தவசு காலம் முடியுற சமயத்துல கலியபெருமாளைக் கூப்பிட்டு விட்டேன். வந்து அடுப்படி வாசல்ல கையைக் கட்டிக்கிட்டு நின்னான்.

"ஏன்டா யாரும் வரதில்ல?"

"எப்படி அண்ணி வரது."

"தளம் சும்மாத்தானே கெடக்கு. வந்து ஆடுங்க. அளக்கறதுக்கு நான் இருக்கேன். உங்க அண்ணனுக்குத்தான் கண்ணு தெரியாது, தெனம் சண்டை. நீங்களாவது சண்டை போடாம ஆடுங்க."

அவன் என்னையே பாத்தான். "அண்ணனுக்கா கண்ணு தெரியாது?" அப்படின்னான். "இருபதடி தள்ளி நின்னு, கால் இஞ்சு வித்தியாசம்னு எங்க காதுல சொல்லுவாரு அண்ணி. நீங்க வந்து அளந்தா அதேதான் இருக்கும்."

"அப்பறம் என்னத்துக்குடா என்னைக் கூப்பிட்டாரு?"

வாசப்படியில உக்காந்தான். அப்பறம் சொன்னான். "மொத நாளே எங்களை உக்கார வச்சுச் சொல்லிட்டாரு. ஆட்டத்துக்கு மூணு சண்டையாவது வரணும், வரலன்னா நீங்களா இழுங்க, அவ ரூமை விட்டு வெளிய வரணும்னு. ராஃபேல் அண்ணன் சண்டைக்கு வர மாட்டாரு, கௌரவம் பாப்பாரு. அதனால பாதி சண்டை நான்தான் போட்டேன்."

சொல்லிட்டு அவன் அழுதான். எனக்கு அழுகை வரல, கோவம் வந்துச்சு. ரெண்டரை வருசம் ஏழெட்டு ஆம்பளைங்க சேந்து என்னை வச்சு நாடகம் ஆடியிருக்காங்க. நான் மடச்சி மாதிரி கால் இஞ்சு, அரை இஞ்சுன்னு குனிஞ்சு குனிஞ்சு அளந்திருக்கேன். போடா வெளியன்னு சொல்லிட்டேன். அன்னைக்குப் பூரா எனக்கு இருப்பே கொள்ளல. வாயைத் தொறந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் வந்திருக்க மாட்டேனா? ஏதோ புருசன் கூப்பிடுறான்னு வந்திருக்க மாட்டேனா?

மறுநாள் காலையில கல்லறைக்குப் போனேன். கும்பிடப் போகல தம்பி, சண்டை போடப் போனேன். கேக்க வேண்டியதையெல்லாம் வழி நெடுகச் சொல்லிப் பாத்துக்கிட்டே போனேன்.

கேட்டைத் தாண்டி நாலாவது கல்லறை. பேரைப் பாக்கறதுக்கு முன்னாடியே தரையைப் பாத்துட்டேன். சுத்தி சவுக்குக் கட்டை, ஆணி அடிக்காம ஒண்ணுக்குள்ள ஒண்ணா செருகி இருக்கு. நடுவுல கல்லுத் தூளு, குத்தி இறுக்கி, கை வச்சா சிமெண்டு மாதிரி. பக்கத்துல எல்லாக் கல்லறையும் மழையில எறங்கிக் கெடக்கு. இது மட்டும் எறங்கல. ஓரத்துல மட்டும் கொஞ்சம் புல்லு. தலைமாட்டுல ஜெனோவான்னு பேரு.

கல்லறையைப் பாத்துக்கிற ஆள் வந்தாரு. வயசானவரு. "நீங்க யாரும்மா?"ன்னாரு. சொன்னேன்.

"நீங்கதானா. அவரு சனிக்கெழமை தவறாம வருவாரும்மா. பையில தூளு, கையில ஒரு சின்னக் கட்டை. அரை மணி நேரம் வேலை, அதுக்கப்பறம் ஒரு மணி நேரம் உக்காந்து அழுதுட்டுப் போவாரு. வீட்டம்மாவைக் கூட்டியாறக் கூடாதான்னு நான் ஒரு தடவை கேட்டேன். வருவா, இப்பதான் அடுப்படி வாசப்படி வரைக்கும் வந்திருக்கா, அவசரப்படுத்தக் கூடாதுன்னாரு."

அந்த ஆளே பின்வரிசையைக் கை காட்டுனாரு.

போனேன். அவரு கல்லறை எங்க இருக்குன்னு ரெண்டு தடவை தேட வேண்டியதாப் போச்சு. மரச்சிலுவை சாஞ்சு கெடக்கு. மேல போட்ட மண்ணு உள்வாங்கி, நெஞ்சுப் பக்கத்துல பள்ளம். மழைத்தண்ணி நின்னு நின்னு வத்திப்போய் மண்ணு பாளம் பாளமா வெடிச்சிருந்துச்சு. எட்டு மாசமா ஒரு ஆள் கை வைக்கல. தெனம் காலையில ஒரு மணி நேரம் நான் இந்தத் தளத்தைக் கூட்டிப் பெருக்கிக்கிட்டிருந்தேன் தம்பி. அவரு அங்க தண்ணியில கெடந்திருக்காரு.

கேக்கணும்னு போனதை விட்டுட்டு சிலுவையை நிமித்தி நட்டேன். பள்ளத்துல கையாலயே மண்ணை அள்ளிப் போட்டேன். அது பத்தல. மத்தியானம் கேட்டைச் சாத்த வந்த ஆள், "வீட்டுக்குப் போங்கம்மா, நாளைக்கு வாங்க" அப்படின்னாரு. மறுநாள் கல்லறைக்குப் போக ஆட்டோ வேணும்னு கலியபெருமாளுக்கு ஆள் அனுப்புனேன். ஒண்ணும் கேக்காம வந்து நின்னான். உடைஞ்ச செங்கல் ரெண்டு சாக்கு, ஜல்லி ஒரு சாக்கு, ரெண்டு பேருமா ஏத்துனோம். வழியில அவன் ஏதோ பேச வாயெடுத்தான். வண்டியைப் பாத்து ஓட்டுன்னு சொல்லிட்டேன். அவன் மொகத்தைத் தொடச்சுக்கிட்டே ஓட்டுனான். நானும் தெருவைப் பாத்துக்கிட்டே வந்தேன்.